கோலாலம்பூர் பாரில் வைன் கேட்டு வாங்குவது எப்படி: புதியவர்களுக்கு முழு வழிகாட்டி

பீர் கேட்க யாரும் யோசிப்பதில்லை. பெயரைச் சொன்னால் போத்தல் வந்துவிடும். விஸ்கியும் பழகிய விஷயம்தான், கல்யாண விருந்து மேசைகளிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறோம். வைன் பட்டியல் என்று நான்கு பக்க அட்டை கைக்கு வரும்போதுதான் முகம் மாறுகிறது. பாதி பிரெஞ்சு, பாதி இத்தாலியன், வலது ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு விலை. வெய்ட்டர் வேறு பக்கத்திலேயே நிற்கிறார். அவசரத்தில் வாயில் நுழைகிற பெயர் எதையாவது சொல்லிவிடுகிறோம், இல்லாவிட்டால் "எனக்கும் அதையே" என்று நண்பரின் கிளாஸைக் காட்டிவிடுகிறோம்.

இதிலிருந்து தப்பிக்க வைன் படிப்பு எதுவும் தேவையில்லை. நாற்பது திராட்சைப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போனாலும், சூடான சிவப்பு வைனோ நான்கு நாளைக்கு முன் திறந்த வெள்ளை வைனோ வந்தால் அந்தப் படிப்பு வீண். கோலாலம்பூரில் ஒரு கிளாஸ் வைன் கெடுவதற்குப் பெரும்பாலும் இந்த ஊர் வெயிலும், திறந்து வைத்த போத்தலும்தான் காரணம். எனவே இரண்டு கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்கப் பழகினால் போதும். போத்தல் எப்போது திறந்தது? சில்லென்று இருக்கிறதா? மற்றதெல்லாம் போகப் போகத் தெரிந்துகொள்ளலாம். வரிசையாகப் பார்ப்போம்.

கிளம்புவதற்கு முன்

மலேசியாவில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2017 டிசம்பர் வரை 18 ஆக இருந்தது. ஆள் பார்க்கச் சின்னவராக இருந்தால் ஐசி (அடையாள அட்டை) கேட்பார்கள், மறக்காமல் எடுத்துப் போங்கள். முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டப்படி மது குற்றம். நண்பர் கூட்டத்தில் முஸ்லிம்கள் இருந்தால், இடத்தை முடிவு செய்யும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கார். வேண்டாம். 2020 அக்டோபரில் சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தபோது, ரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் அளவை 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். பிடிபட்டால் முதல் தடவைக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, லைசென்ஸும் போகும். குடித்துவிட்டு ஓட்டி உயிர்ப்பலி ஏற்படுத்தினால் 10 முதல் 15 வருடம் உள்ளே இருக்க வேண்டியதுதான். 'ஒரு கிளாஸ்தானே, பீரைவிட மைல்டு' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 320 மில்லி பீர் டின்னில் 5 சதவீதம் என்றால் அதில் 16 மில்லி சுத்த ஆல்கஹால். 150 மில்லி வைன் கிளாஸில் 13.5 சதவீதம் என்றால் 20 மில்லி. அளவு பாதிகூட இல்லை, ஆனால் சரக்கு அதிகம். போகும்போதே கிராப் வாடகைக் கார், அல்லது எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால் 'வைன் இதயத்துக்கு நல்லது' என்று வாதாடப் போகாதீர்கள். அது எடுபடாது. நம் பாட்டன் பாட்டிகளுக்குக் குடி என்றால் தோட்டத்துக் கள்ளுக்கடைதான் ஞாபகம். சம்பளம் வாங்கிய கையோடு காசு அங்கே போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது.

எந்த இடம், எந்த நேரம்

பீரும் ஸ்டவுட்டும் விற்கும் சாதாரணக் கடையில் வைன் கேட்காதீர்கள். பட்டியலில் 'சிவப்பு, வெள்ளை' என்று இரண்டு வரி இருக்கும். ஆனால் அந்தப் போத்தலை யார் கடைசியாகக் கேட்டார், எந்த வாரம் கேட்டார் என்று அங்கே வேலை செய்பவருக்கே தெரியாது. அங்கே பீர் குடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

வைன் வேகமாக விற்றுத் தீரும் இடங்களுக்குப் போங்கள். பங்சாரில் ஜாலான் தெலாவி பக்கம், தாமான் துன், டெசா ஸ்ரீ ஹர்தமாஸ், புக்கிட் பிந்தாங்கில் சங்காட் வட்டாரம், பெட்டாலிங் ஸ்திரீட்டைச் சுற்றிய புதிய பார்கள், பெரிய ஹோட்டல்களின் பார்கள் என்று நிறைய உண்டு. உள்ளே நுழைந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். மற்ற மேசைகளில் வைன் கிளாஸ்கள் இருக்கின்றனவா? கவுண்டருக்குப் பின்னால் வைனுக்கென்று தனிக் குளிர்பெட்டி இருக்கிறதா? இரண்டும் இருந்தால் தைரியமாக உட்காரலாம். போத்தல்கள் அலங்காரத்துக்காக விளக்குக்கு அடியில் அடுக்கி நிற்கின்றன என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். வார நாளில் மாலை ஆறு, ஏழு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, பார்டெண்டருக்குப் பேச நேரம் இருக்கும், பெரும்பாலான இடங்களில் ஹேப்பி அவர் விலையும் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சங்காட்டில் நின்றுகொண்டு 'இது என்ன திராட்சை' என்று கேட்டால், பாட்டுச் சத்தத்தில் உங்கள் குரலே உங்களுக்குக் கேட்காது. முதல் தடவை என்றால் மேசையைவிடக் கவுண்டரில் உட்காருவது நல்லது. கேள்வி கேட்கலாம், ஊற்றுவதைக் கண்ணால் பார்க்கலாம். தனியாகப் போகும் பெண்களுக்கும் கவுண்டர்தான் வசதி. கிளாஸ் கண் பார்வையிலேயே இருக்கும், பார்டெண்டரும் எதிரிலேயே இருப்பார்.

'லேடிஸ் நைட்', 'ஃப்ரீ ஃப்ளோ' என்று இலவசமாக ஊற்றும் வைனை வைத்து உங்களுக்கு வைன் பிடிக்குமா பிடிக்காதா என்று முடிவு செய்துவிடாதீர்கள். கடையில் இருப்பதிலேயே மலிவானதுதான் அங்கே ஓடும்.

பட்டியலைப் படிப்பது

வரிசை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதலில் நுரை வைன், பிறகு வெள்ளை, ரோஸே என்ற இளஞ்சிவப்பு வைன், சிவப்பு, கடைசியில் இனிப்பு. இரண்டு விலை போட்டிருந்தால் சின்னது கிளாஸுக்கு, பெரியது போத்தலுக்கு. ஒரே விலை போட்டிருந்தால் பெரும்பாலும் போத்தலுக்கு. பார்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் 180 வெள்ளிப் போத்தலை கிளாஸ் என்று நினைத்து யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் கிளாஸ் விற்காத வைனை கிளாஸாகக் கேட்டுத் தடுமாறுவது அடிக்கடி நடக்கிறது.

பெயர்களில் குழப்பம் ஏன் என்றால், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினா வைன்களில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்கும், ஐரோப்பிய வைன்களில் ஊரின் பெயர் இருக்கும். ஷாப்ளி என்று போட்டிருந்தால் அது சார்டனே திராட்சை. சான்செர் வெள்ளை என்றால் சாவின்யோன் பிளாங். பர்கண்டி சிவப்பு என்றால் பினோ நுவார். போர்டோ சிவப்பு பெரும்பாலும் கேபர்னே சாவின்யோனும் மெர்லோவும் கலந்தது. கியாந்தி என்றால் சாஞ்சியோவேசே, ரியோகா சிவப்பு என்றால் முக்கியமாக டெம்பிரானில்லோ. இவ்வளவு தெரிந்தால் கோலாலம்பூர் பட்டியல்களில் முக்கால்வாசி படித்துவிடலாம். உச்சரிப்பு பற்றிக் கவலை வேண்டாம். விரலால் காட்டுங்கள். ஊற்றப் போகும் ஆளே பல பெயர்களைத் தன் வசதிக்குத்தான் உச்சரிக்கிறார்.

எது எப்படி இருக்கும்? சாவின்யோன் பிளாங், அதுவும் நியூசிலாந்தின் மார்ல்பரோவிலிருந்து வருவது, நல்ல புளிப்பு, பேஷன் பழமும் அறுத்த புல்லும் கலந்த வாசம். பினோ கிரிஜோ லேசானது, தொந்தரவு இல்லாதது, ஞாபகத்திலும் நிற்காது. சார்டனே கொஞ்சம் கனம். மரப் பீப்பாயில் வைத்தது என்றால் வெண்ணெய், வனிலா வாசம் வரும். ரீஸ்லிங் புளிப்பாகவும் இருக்கலாம், இனிப்பாகவும் இருக்கலாம், கேட்டுத்தான் வாங்க வேண்டும். மொஸ்காத்தோ இனிப்பு. அஸ்தி வட்டாரத்து மொஸ்காத்தோவில் ஆல்கஹால் 5 சதவீதம் சுற்றித்தான் இருக்கும், அதனால் முதல் கிளாஸுக்கு அது மோசமான தேர்வு இல்லை. சிவப்பில் பினோ நுவார் லேசு, மெர்லோ மிருது. அர்ஜென்டினாவின் மால்பெக் கறுப்புப் பழ வாசத்தோடு நிறைவாக இருக்கும். ஆஸ்திரேலிய ஷிராஸும் கேபர்னேயும் கனம். பரோசா ஷிராஸ் 14, 15 சதவீதம் வரை போகும்.

சிவப்பு வைன் குடித்ததும் நாக்கும் ஈறும் வறண்டு பிடிப்பது டானின் என்ற பொருளால். சீனி போடாமல் நெடுநேரம் ஊறவிட்ட தே-ஓவை (பால் சேர்க்காத தேநீர்) குடித்தால் வாய் எப்படி இறுகுமோ அதேதான், தேயிலையிலும் டானின்தான் அந்த வேலையைச் செய்கிறது. அது பிடிக்காதவர்கள் கேபர்னேயை விட்டுவிட்டு பினோ நுவார் பக்கம் போகலாம்.

ஒரு பொறி இருக்கிறது. நுரை வைன்களில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருப்பது 'புரூட்' என்று போட்டிருப்பதைவிட இனிப்பு அதிகம். மற்ற எல்லா வைனிலும் டிரை என்றால் இனிப்பு இல்லை என்று அர்த்தம், இங்கே மட்டும் கணக்கு வேறு. புரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது, எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 கிராம் வரை இருக்கலாம். இத்தாலிய நுரை வைனான புரோசெக்கோவைக் குடித்துவிட்டு 'டிரை கேட்டேன், இனிக்கிறதே' என்று சண்டை போட வேண்டாம்.

என்ன சொல்லிக் கேட்பது

மூன்றே விஷயம் சொல்லுங்கள். எந்தச் சுவை வேண்டாம், என்ன சாப்பிடப் போகிறீர்கள், எவ்வளவு செலவழிக்கலாம். முதலாவதில் 'வேண்டும்' என்பதைவிட 'வேண்டாம்' என்பது சுலபம். நமக்கு எது பிடிக்கும் என்று தெரியாவிட்டாலும் எது பிடிக்காது என்பது எப்படியும் தெரியும்.

என் சித்தப்பா மகனோடு பங்சாரில் ஒரு பாருக்குப் போயிருந்தேன். கவுண்டரில் நின்றவர் தைப்பிங்காரர், நாற்பது வயது இருக்கும், நம்மவர். தம்பி பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"அண்ணே, எனக்கு வைன் பத்தி ஒண்ணும் தெரியாது. இனிப்பு வேணாம். கணவாய் பொரிச்சது சொல்லியிருக்கோம். இந்த மாதிரி விலைக்குள்ள என்ன இருக்கு?" என்று பட்டியலில் 38 என்ற எண்ணில் விரலை வைத்தான்.

"காப்பி எப்படிக் குடிப்பீங்க தம்பி?"

"சீனி இல்லாம."

"புளிப்பு ஆகுமா?"

"சாப்பாட்டுல ஆகும். குடிக்கிறதுல தெரியல."

அவர் இரண்டு போத்தல்களை எடுத்து, இரண்டு கிளாஸில் ஒரு வாய் அளவு ஊற்றினார். முதலாவது சாவின்யோன் பிளாங். குடித்ததும் தம்பியின் ஒரு கண் தானாக மூடியது. இரண்டாவது ஆஸ்திரேலிய சார்டனே. "இது சரி" என்றான். அது 34 வெள்ளி. அவன் காட்டிய விலையைவிடக் குறைவு.

எல்லாருக்கும் தமிழ் பேசும் பார்டெண்டர் கிடைக்க மாட்டார். நேப்பாள், மியன்மார் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினால் போதும். இனிப்பு வேண்டாம் என்பதற்கு மலாயில் 'தாக் மானிஸ்' என்றால் எல்லாருக்கும் புரியும். விலையை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், குறிப்பாகக் கூட வந்தவர்கள் முன்னால், தம்பி செய்தது போல எண்ணில் விரலை வையுங்கள். வேலை தெரிந்த பார்டெண்டர் அதற்கு மேல் கேட்க மாட்டார். கேட்காமல் இரண்டு மடங்கு விலையில் ஒன்றைத் தள்ளப் பார்த்தால், "வேணாம் பாஸ், இதுவே போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

சுவை பார்க்க ஒரு வாய் கேட்பதும் தப்பில்லை. கிளாஸாக விற்கும் வைனில், அதாவது ஏற்கெனவே திறந்த போத்தலில், பெரும்பாலும் தருவார்கள். ஒன்று இரண்டு கேட்கலாம். ஆறு கேட்டால் அது ஓசிக்குடி.

அந்த இரண்டு கேள்விகள்

முதலாவது, 'போத்தல் எப்போது திறந்தது?' திறந்த வைனுக்குக் காற்றுதான் எதிரி. நன்றாக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். நுரை வைன் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். கவுண்டர் மேல் வெறுமனே நின்றால் அதுவும் இல்லை. 'இன்றைக்கு', 'நேற்று ராத்திரி' என்ற பதில் வந்தால் சரி. பதில் சொல்லத் தடுமாறினால் வேறு வைனுக்கு மாறிவிடுங்கள், அல்லது புதிதாகத் திறக்கப் போவது எது என்று கேளுங்கள். சில இடங்களில் கொராவின் என்ற கருவி வைத்திருப்பார்கள். கார்க்கைப் பிடுங்காமல் ஊசியைச் செலுத்தி, ஆர்கான் வாயுவை உள்ளே விட்டு வைனை வெளியே எடுக்கும். காற்று உள்ளே போகாது என்பதால் விலை உயர்ந்த போத்தலையும் கிளாஸாக விற்க முடிகிறது. அதில் எடுத்து ஊற்றும் வைன் என்றால் இந்தக் கேள்வியே தேவையில்லை.

இரண்டாவது, 'சில்லென்று இருக்கிறதா?' வெள்ளைக்கு இது எல்லாருக்கும் தெரியும். 8 முதல் 12 டிகிரி, நுரை வைன் இன்னும் குளிராக 6 முதல் 8. சிவப்புக்குத்தான் பிரச்சினை. 'சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாம் அப்படியே நம்பிவிட்டோம். அந்த அறை ஐரோப்பாவில் இருந்தது, ஹீட்டர் வருவதற்கு முந்திய கல் வீட்டில். சிவப்பு வைனுக்குச் சரியான வெப்பம் 15 முதல் 18 டிகிரி. கோலாலம்பூரில் பகலில் பார் மூடியிருக்கும்போது ஏர்கோனும் நின்றிருக்கும், அலமாரியில் இருக்கும் போத்தல் 30 டிகிரிக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கும். மாலையில் கடை திறந்து, அறை குளிர்ந்தாலும் போத்தல் உடனே குளிர்வதில்லை. அந்தச் சூட்டில் ஆல்கஹால் வாசம்தான் மூக்கில் ஏறும், பழ வாசம் பின்னால் போய்விடும். 'சிவப்பு எனக்குப் பிடிக்காது, தலைக்கு ஏறுகிறது' என்று சொல்பவர்களில் பலர் சூடான சிவப்பைத்தான் குடித்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

கிளாஸைத் தொட்டதும் தெரியும். சிவப்பு வைன் ஊற்றிய கிளாஸ் கையில் லேசாகக்கூடக் குளிரவில்லை என்றால் சூடு அதிகம். போத்தலாக வாங்கியிருந்தால் ஐஸ் பக்கெட் கேளுங்கள், அதில் ஐஸோடு தண்ணீரும் ஊற்றச் சொல்லுங்கள். வெறும் ஐஸ் கட்டிகள் போத்தலை அங்கங்கேதான் தொடும், தண்ணீர் சுற்றிலும் பிடித்துக்கொண்டு சீக்கிரம் குளிர்விக்கும். 10 நிமிடம் கழித்து ஒரு கிளாஸ் ஊற்றி, முன்பு குடித்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே போத்தல்தானா என்று கேட்பீர்கள். சிவப்புக்கு ஐஸ் பக்கெட் கேட்டால் சில வெய்ட்டர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். கிளாஸாக வாங்குகிறீர்கள் என்றால், குளிர்பெட்டியில் வைத்த சிவப்பு ஏதாவது இருக்கிறதா என்று ஊற்றும் முன்னேயே கேட்டுவிடுங்கள். மலிவான ஹவுஸ் வெள்ளை சூடாக வந்துவிட்டால் நான் ஒரு ஐஸ் கட்டியைப் போட்டுக்கொள்வேன். அதற்குக் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு அந்த வைன் ஒன்றும் உசத்தி இல்லை.

கிளாஸா, போத்தலா

புதியவர்களுக்கு கிளாஸ்தான். ஒரு போத்தல் 750 மில்லி, 150 மில்லி ஊற்றினால் ஐந்து கிளாஸ், 125 ஊற்றினால் ஆறு. எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள், கடைக்குக் கடை மாறும். ஒரே விலைக்கு ஒரு இடத்தில் 125-ம் இன்னொரு இடத்தில் 175-ம் கிடைக்கும். மூன்று நான்கு பேர் ஒரே வைனைக் குடிக்கச் சம்மதித்தால் போத்தல் லாபம். அப்போது ஒரு நன்மையும் சேர்ந்துகொள்கிறது. புதிதாகத் திறப்பதால் முதல் கேள்வியை மறந்துவிடலாம்.

போத்தல் வந்தால் ஒரு சின்னச் சடங்கு நடக்கும். முதலில் லேபிளைக் காட்டுவார்கள். கேட்ட பெயரும் வருடமும்தானா என்று பாருங்கள், தலையாட்டுங்கள். பிறகு திறந்து ஒரு வாய் ஊற்றிக் காத்து நிற்பார்கள். இது 'உங்களுக்குப் பிடித்திருக்கிறதா' என்ற கேள்வி இல்லை, 'கெட்டுப் போயிருக்கிறதா' என்ற கேள்வி. கிளாஸை லேசாகச் சுழற்றி மோந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த துணி வாசம் வந்தால் அது கார்க்கால் கெட்ட வைன், தயங்காமல் திருப்பி அனுப்பலாம், காசு வாங்க மாட்டார்கள். வினிகர் வாசமும் அப்படித்தான். கார்க்கைக் கையில் கொடுத்தால் மேசையில் வையுங்கள், மோந்து பார்க்க வேண்டியதில்லை. திருகு மூடிப் போத்தலில் கார்க் பிரச்சினை அனேகமாக இல்லை. திருகு மூடி என்றால் மட்டமான வைன் என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே கூட்டாகத் திருகு மூடிக்கு மாறியவர்கள், நியூசிலாந்திலும் இன்று அதுதான் வழக்கம்.

மோந்து பார்த்தபின் "ஓகே" என்றால் போதும். கண்ணை மூடிக்கொண்டு கருத்துச் சொல்ல வேண்டாம், வெய்ட்டருக்கு அடுத்த மேசை காத்திருக்கிறது. கிளாஸைக் காம்பில் பிடியுங்கள், கிண்ணத்தில் பிடித்தால் கைச்சூடு ஏறும்.

சாப்பாடு

சிவப்பு என்றால் இறைச்சி, வெள்ளை என்றால் மீன் என்ற பழைய கணக்கு நம் காரத்தின் முன்னால் நிற்காது. ஆல்கஹாலும் டானினும் மிளகாய்க் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். மட்டன் வறுவலுக்கு 14.5 சதவீத ஷிராஸைக் குடித்துப் பாருங்கள், நாக்கு எரிவதில் இரண்டின் சுவையும் தெரியாது. காரத்துக்கு ஆல்கஹால் குறைவாக, லேசான இனிப்போடு, நன்றாகக் குளிர்ந்த வைன்தான் சரி. ஜெர்மனியின் மோசல் ரீஸ்லிங் இதற்கு எனக்குத் தெரிந்த முதல் தேர்வு. ரோஸேயும் தாக்குப்பிடிக்கும். பொரித்த கோழி, கணவாய், பஜ்ஜி வகையறாவுக்குப் புரூட் நுரை வைன், அதன் புளிப்பும் நுரையும் எண்ணெயை வெட்டும். வெறும் உப்பும் மிளகும் போட்ட ஸ்டேக், ஆட்டு விலா என்றால் அப்போது எடுங்கள் ஷிராஸையும் கேபர்னேயையும். கொழுப்பும் புரதமும் டானினை அடக்கிவிடும்.

கூடவே தண்ணீர். ஒரு கிளாஸ் வைனுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர். போத்தல் தண்ணீர் கொண்டு வந்து பில்லில் சேர்ப்பார்கள், வேண்டாம் என்றால் ஸ்கை ஜூஸ், அதாவது சாதாரணத் தண்ணீர், கேளுங்கள், பல இடங்களில் தருவார்கள்.

பில்

நம் ஊரில் கிடைக்கும் வைன் ஏறக்குறைய எல்லாமே இறக்குமதி. இறக்குமதி வரி, கலால் வரி, அதன்மேல் கடையின் லாபம் எல்லாம் சேர்ந்துதான் கிளாஸ் 30, 40 வெள்ளி ஆகிறது. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் 6 சதவீத சேவை வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். பட்டியலில் 38 என்பது பில்லில் 44-ஐத் தாண்டும். நான்கு பேர் ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால் வித்தியாசமே 50 வெள்ளிக்குப் பக்கம் வரும். 'நெட்' என்று போட்டிருந்தால் அவ்வளவுதான். சர்வீஸ் சார்ஜ் எடுத்தபின் டிப்ஸ் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு வைன் ஊற்றிக் காட்டிப் பொறுமையாகப் பேசியவருக்கு நான் ஏதாவது வைத்துவிட்டு வருவேன்.

சொந்தப் போத்தலைக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உணவகங்கள் பலவற்றில் கார்க்கேஜ் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுவார்கள், பார்களில் பொதுவாக விடமாட்டார்கள். எதுவானாலும் முதலிலேயே போன் செய்து கேளுங்கள், கதவருகே நின்று பேரம் பேசாதீர்கள். சில இடங்களில் கடையின் போத்தல் ஒன்று வாங்கினால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள்.

போத்தல் வாங்கி மிச்சம் இருந்தால் விட்டுவிட்டு வராதீர்கள். மூடித் தரச் சொன்னால் பெரும்பாலும் தருவார்கள். பிடித்திருந்தால் லேபிளை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த பாரில் அந்தப் படத்தைக் காட்டி 'இந்த மாதிரி' என்று கேட்டால் வேலை சுலபம். வீட்டுக்கு வந்ததும் சிவப்போ வெள்ளையோ குளிர்பெட்டியில் நிறுத்தி வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம், ஒழுகும். மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள்.